பேராதனை வீதியிற் பழைய மோட்டார் வண்டிகள்

சரித்திரம் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, கோட்டை, கோயில் என்று நமது எண்ணம் ஓடுவது வழக்கம். அவையெல்லாம் நின்ற இடத்தில் நிற்பவை. அவற்றைத் தேடி நாம் போக வேண்டும். நாம் நிற்கும் இடத்துக்குத் தாமே உருண்டு வரும் சரித்திரச் சான்றுகளும் உண்டு. நம் வீதிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டார் வண்டிகளையே குறிப்பிடுகின்றேன். அவற்றைப் பார்த்துச் சிரிப்போர் உளர். படம் பிடிப்போர் உளர். நிறுத்தி விலை கேட்போரும் உளர். வாசிப்போர் மிகச் சிலர். அந்த வாசிப்பைப் பற்றியே இன்று பேசலாம் என்று எண்ணுகின்றேன்.

இதற்குப் பேராதனையைப் போல வாய்ப்பான இடம் மலைநாட்டில் வேறில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருவீதியில், கம்பளை, நுவரெலியா, பதுளை வழியாகச் சென்று மட்டக்களப்பை அடுத்த செங்கலடியில் முடியும் நெடுவீதி தொடங்குவது பேராதனையிலேதான். தோட்டத்து லொறி, பல்கலைக்கழகத்துக் கார், மரக்கறி ஏற்றிவரும் வண்டி, சுற்றுலாப் பயணிகளின் பஸ் எல்லாம் பூந்தோட்ட வாயிலருகே வேகம் குறைந்து ஊர்ந்தே செல்ல வேண்டும். வேகம் குறைந்த வண்டியைத்தானே நன்கு பார்க்க முடியும்?

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்து கொள்வோம். பழைய கார் எதனைக் கண்டாலும் 'வின்டேஜ்' கார் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. திராட்சை அறுவடையோடும் அவ்வாண்டின் மதுவோடும் தொடர்புடைய சொல் அது. ஆங்கில நாட்டுக் கார்ப் பிரியர்கள் அதற்குக் கண்டிப்பான ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவையே அப்பெயருக்கு உரியவை. அக்கணக்கின்படி நம் வீதியில் ஓடுகிற பழைய கார்களில் மிகப் பெரும்பாலானவை 'வின்டேஜ்' அல்ல; இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள். அதனால் அவற்றின் மதிப்புக் குறையவில்லை. எனது எண்ணத்தில், நமது வரலாற்றுக்கு அந்தப் பிற்காலத்துச் சிறு கார்களே அதிகம் சொல்லுகின்றன. செல்வந்தரின் பெரிய கார் எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். சாதாரணக் குடும்பம் கடன்பட்டு வாங்கிய சிறிய காரிலேதான் ஒரு காலத்தின் முகம் தெரிகிறது.

பேராதனை வழியாகச் சக்கரங்கள் உருண்ட கதை மோட்டாருக்கு முந்தியது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. அவ்வீதியில் 1832இல் குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆசியாவிலேயே முதலாவது குதிரைத் தபால் வண்டி என்று அது சொல்லப்படும். மகாவலி கங்கையின்மீது பேராதனையில் முதிரை மரத்தால் ஒரே வளைவாக ஒரு பாலம் கட்டினார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 205 அடி. எழுபது ஆண்டுகளுக்கு மேல் சுமை தாங்கிய அம்மரப்பாலத்தை அகற்றி 1905இல் இரும்புப் பாலம் அமைத்தார்கள். மோட்டார்க் கார் இத்தீவில் கால் வைத்ததும் ஏறத்தாழ அதே காலத்திலேதான்.

அந்தத் தொடக்க காலத்தில் கார் என்பது துரைமாரின் விளையாட்டுப் பொருள். அதை நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தது ஒரு குட்டி வண்டி. 1922இல் இங்கிலாந்தில் ஹேர்பர்ட் ஒஸ்டின் வெளியிட்ட 'ஒஸ்டின் செவன்' அது. 'பேபி ஒஸ்டின்' என்று நம் முன்னோர் அழைத்தது இதனையே. எஞ்சினின் கொள்ளளவு 747 கன சென்ரிமீற்றர். இன்றைய பெரிய மோட்டார் சைக்கிள் சிலவற்றுக்கு இதைவிட அதிகம். 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. ஜெர்மனியில் இதே வண்டியை உரிமம் பெற்றுச் செய்து வந்த தொழிற்சாலையை 1928இல் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் வாங்கியது. ஆக, இன்று பெருமையின் சின்னமாக விளங்கும் அந்த ஜெர்மன் நிறுவனம் முதலில் விற்ற கார் இந்தக் குழந்தை ஒஸ்டினின் உடன்பிறப்பே. செல்வம் மிகுந்தோர் இதைக் கேட்டு மனம் வருந்த வேண்டியதில்லை.

பேராதனைக்கும் வாகனங்களுக்கும் உள்ள உறவில் விசித்திரமான அத்தியாயம் 1944இல் வந்தது. தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு அவ்வாண்டு ஏப்ரலில் தமது தலைமையகத்தைத் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். அதன் அலுவலகங்கள் அமைந்தது பேராதனைப் பூந்தோட்டத்தில். பனைகளும் மூங்கில்களும் சூழ்ந்த அந்த நிழலில் பர்மாவுக்கான போர்த் திட்டங்கள் வரையப்பட்டன. அப்போது இவ்வீதியில் ஓடித் திரிந்த புதிய பிராணி 'ஜீப்'. அமெரிக்காவில் வில்லிஸ், போர்ட் என்னும் இரு நிறுவனங்கள் போருக்காகச் செய்த ஜீப்புகள் 6 இலட்சத்துக்கும் மேல். போர் முடிந்தபின் உலகெங்கும் அவை குடிமக்கள் கைக்கு வந்தன.

ஜீப்பைக் கண்டே இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் தனது 'லேண்ட் ரோவர்' வண்டியை உருவாக்கி 1948இல் வெளியிட்டது. அதன் முதல் மாதிரி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு. ஆகவே மேற்கூட்டை அலுமினியக் கலப்பு உலோகத்தாற் செய்தனர். ஈரம் மிகுந்த நம் மலைநாட்டில் மற்ற வண்டிகள் துருப்பிடித்து உதிர்ந்து போன பின்னும் பழைய லேண்ட் ரோவர்கள் முழு உடம்போடு திரிவதற்கு அத்தட்டுப்பாடே காரணம். தோட்டத்துரையின் வண்டி இது. லயத்தில் வாழ்ந்தவர்கள் அதன் ஓசையைக் கேட்டே துரை எந்த மலையில் நிற்கிறார் என்று கண்டுகொள்வார்கள். அவர்களுக்கு வாய்த்த வாகனமோ கொழுந்து லொறி. காய்ச்சல்காரரையும் பிரசவ வேதனைப்படும் தாயையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் கொழுந்து மூட்டை ஏறிய அதே லொறியிலேதான். பழைய பெட்போர்ட் லொறி ஒன்று புகை கக்கிக்கொண்டு கம்பளை வீதியில் ஏறுவதைக் காணும்போது, அதை ரசிப்பதற்கு முன் இதனையும் நினைத்துக்கொள்வது நலம்.

இனி மொரிஸ் மைனருக்கு வருவோம். இலங்கையின் பழைய கார்களுக்கு ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்யச் சொன்னால் எனது வாக்கு இதற்கே. 1948இல் லண்டன் கண்காட்சியில் இது அறிமுகமாயிற்று. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மிர்னா நகரில் கிரேக்கக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர்; 1922இல் அந்நகரை யுத்தம் சூழ்ந்தபோது பெற்றோருடன் பிரித்தானியக் கப்பலில் ஏறி அகதியாக வெளியேறியவர். சிறிய காரில் நாலு பேர் வசதியாக அமர வேண்டும் என்பதே அவரது வாழ்நாள் கவலை. பின்னாளில், 1956இன் சூயஸ் நெருக்கடியால் பெற்றோல் அருமையான பின், 1959இல் வெளிவந்த 'மினி' காரையும் அவரே வடிவமைத்தார். பத்தடி நீளமே உள்ள அவ்வண்டியில் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார்; உலகின் சிறு கார்களிற் பெரும்பாலானவை இன்று அந்த முறையையே பின்பற்றுகின்றன.

மொரிஸ் மைனர் உற்பத்திக்குப் போகும் தறுவாயில், அதன் அகலம் போதாது என்று இசிகோனிஸுக்குத் தோன்றிற்று. மாதிரிக் காரை நடுவே நெடுக அறுத்து இரண்டாக்கி, சற்றுச் சற்றாக விலக்கி வைத்துப் பார்த்தார். நாலங்குலம் விலகியபோது கண்ணுக்குச் சரியாகத் தோன்றவே, அந்த அளவையே வைத்துக்கொண்டார்கள். ஆனால் முன்னும் பின்னும் பொருத்த வேண்டிய பம்பர்கள் பழைய அளவிலேயே செய்து முடிக்கப்பட்டிருந்தன. வீணாக்க மனமின்றி அவற்றை நடுவே வெட்டி இடையில் நாலங்குலத் தகடு வைத்துப் பொருத்தினார்கள். ஆரம்பகாலத்து மைனரை அடுத்த முறை கண்டால் பம்பரின் நடுவே பாருங்கள். அந்த ஒட்டு இருக்கும்.

அதன் வயதைக் கணிக்கவும் சில அடையாளங்கள் உள்ளன. முகப்பு விளக்குகள் கீழே, வலைத்தட்டின் இருபுறமும் ஒட்டியிருந்தால் அது ஆதிகாலத்து வண்டி. விளக்குகள் மேலேறியும் முன்கண்ணாடி நடுவில் கம்பியால் இரண்டாகப் பிரிந்தும் இருந்தால் 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் 1956க்குப் பின் வந்த 'மொரிஸ் 1000'. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சிறிய கையொன்று 'டக்' என்று வெளியே நீண்டு ஒளிர்ந்தால் 1961க்கு முந்தியது; பின் வந்தவற்றிலேதான் மின்னிமறையும் விளக்குகள். பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் இதுவே. 1971இல் உற்பத்தி முடிவுக்கு வந்தபோது மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம்.

கொழும்பில் மஞ்சள் கூரையிட்ட வாடகைக் கார்களாக நெடுங்காலம் ஓடியவை இவைதாம். யாழ்ப்பாணத்து அப்புக்காத்து, மட்டக்களப்பு வைத்தியர், கண்டிக் கடைக்காரர் ஆகியோர் வீட்டு முற்றத்திலும் இதுவே நின்றது. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பிறகு, விரிவுரையாளர்களின் சிறு கார்கள் கலஹா வீதியில் வரிசையாக ஏறின. கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும்போது கொதித்த ரேடியேட்டருக்கு ஊற்றுநீர் வார்க்க நிறுத்துவது அந்நாளில் பயணத்தின் ஓர் அங்கம். அங்கே நிறுத்தாமற் போனது வோக்ஸ்வாகன். பின்புறத்தில் எஞ்சின், காற்றாலேயே குளிர்ச்சி, நீரே வேண்டாம். ஆமை வடிவான அவ்வண்டியின் பின் கண்ணாடி இரு துண்டாக இருந்தால் 1953க்கு முந்தியது. முட்டை வடிவானால் 1957க்கு முந்தியது.

இவ்வாறு உடம்பைப் பார்த்துக் காலம் சொல்லலாம். ஆனால் நம் நாட்டிற் காலம் சொல்லும் இன்னொரு பலகை உண்டு. அது இலக்கத் தகடு. இதிலேதான் விளையாட்டு முடிந்து வரலாறு தொடங்குகிறது.

பழைய கார்களின் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காண்பீர்கள். சீ.ஈ., சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்பன போன்றவை. 'சிலோன்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் வரும் எழுத்துகளை இரண்டிரண்டாகக் கோத்தவை இவை. பிறகு 1957 தொடக்கத்தில் புதிய ஒழுங்கு வந்தது. ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக, எண்ணை அடுத்துச் சிங்கள லிபியில் 'ஸ்ரீ' என்னும் எழுத்து. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறி ஓராண்டும் ஆகாத வேளை. தமிழரும் வழங்கும் ஒரு வடசொல்தான் அது. ஆனால் எந்த லிபியில் எழுதியிருக்கிறது என்பதே கேள்வியாயிற்று. தமிழ் மகன் ஒருவன் தன் பணத்திற் கார் வாங்கினால், அதன் நெற்றியில் தன் மொழியல்லாத எழுத்தைச் சுமந்தே தன் ஊருக்குள் ஓட்டிச் செல்ல வேண்டும். செல்வநாயகம் தலைமையிலான தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் எழுத்தில் 'ஸ்ரீ' எழுதிய தகடுகளுடன் கார்கள் ஓடின.

1957 ஜூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சிறிது அமைதி நிலவிற்று. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் கம்பெனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அச்சபையின் 'ஸ்ரீ' தகடு தாங்கிய பஸ் வண்டிகள் வடபகுதிக்கு அனுப்பப்படவே, தார்ச் சட்டியும் தூரிகையும் மீண்டும் வீதிக்கு வந்தன. வடக்கில் சிங்கள 'ஸ்ரீ' மீது தார் பூசப்பட்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளுக்கும் அது பரவிற்று. ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாத இறுதியில் நாடு முழுவதும் கலவரம். தகட்டிலுள்ள ஓர் எழுத்தே இவை யாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, காரணங்கள் ஆழமானவை. ஆனாலும் அக்காலத்துச் சினத்தை இன்று கையாலே தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களிற் சில இந்தத் தகடுகளே.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம் வீதியில் காணும் பழைய வண்டிகளின் பெயர், உருவம், தகட்டின் வகை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வர வேண்டும். ஆர்வத்துடன் குறித்து வந்தார்கள். அவர்களுள் ஒரு மாணவி எழுந்து, "சேர், சில காரில் மட்டும் ஏன் இந்தச் சிங்கள எழுத்து இருக்கிறது? யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். வகுப்பிற் பலருக்கும் அதே ஐயம். அன்றைய பாடவேளை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கே போயிற்று. பாடநூலில் இரண்டு வரியாகக் கடந்து போகிற விஷயத்தை ஒரு மொரிஸ் மைனர் நாற்பது நிமிடம் நடத்திவிட்டது.

பின்னாளில் 'ஸ்ரீ'யும் நீங்கிற்று. இரு எண்களுக்கிடையே ஒரு சிறு கோடு மட்டும் இட்டார்கள். 2000ஆம் ஆண்டு முதல் ஆங்கில எழுத்துகள் திரும்பி வந்தன. இப்போது சேகரிப்போர் நடுவே 'ஸ்ரீ' தகடுள்ள கார் ஒரு பெருமைப் பொருள். அதற்கென அதிக விலை கேட்போரும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே தகட்டை இரண்டு கண்கள் இரண்டு விதமாகப் பார்க்கின்றன என்பதை இருசாராரும் அறிந்திருக்க வேண்டும்.

பழைய கார்கள் இத்தனை இந்நாட்டில் எவ்வாறு எஞ்சின? பற்றினால் அல்ல, பற்றாக்குறையினால். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றவே கார் இறக்குமதியை அரசாங்கம் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. 1970களில் நிலைமை மேலும் இறுகிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், இருந்த காரை ஓட்டுவதே ஒரே வழி. உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் பியட், மஸ்டா கார்களை இங்கேயே பொருத்தி விற்றதும் உண்டு. இன்று 'உபாலி பியட்' ஒன்றைக் காண்பது அரிது. பிற நாடுகளிற் பத்தாண்டில் இரும்புக்கடைக்குப் போன கார்கள் இங்கே இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தன.

அவ்வாறு உழைக்க வைத்தவர்கள் கராஜ் 'பாஸ்'மார். அவர்களுக்கு ஒரு தற்செயல் துணையாயிற்று. 1952இல் ஒஸ்டின், மொரிஸ் நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தன. அதன் பின் ஒஸ்டினின் ஒரே எஞ்சின் குடும்பம் ஒஸ்டின் ஏ30, ஏ35, மொரிஸ் மைனர், மினி யாவற்றிலும் சிறு சிறு மாற்றங்களோடு பொருத்தப்பட்டது. ஆகவே ஒன்று இறந்தால் அதன் உறுப்புகள் மற்றொன்றைப் பிழைக்க வைத்தன. கிடைக்காத உறுப்பைக் கடைசலில் கடைந்தும், துருப்பிடித்த அடித்தட்டை வெட்டிப் புதுத்தகடு ஒட்டியும் அவர்கள் செய்த வேலை ஒரு கைத்தொழிற் கலாசாலையாயிற்று. 1990களில் அதற்கு விந்தையான அங்கீகாரம் கிடைத்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவரின் முயற்சியோடு, நம் தென்பகுதியில் மைனர் உறுப்புகளைச் செய்யும் தொழிற்சாலை அமைந்தது. பிறந்த நாட்டில் செய்வாரற்றுப் போன உறுப்புகள் இலங்கையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின.

யாழ்ப்பாணத்தின் கதை இதனினும் கடினமானது. 1983 ஜூலையில் கொழும்பிலும் கண்டியிலும் தமிழர் உடைமைகள் எரிந்தபோது, அச்சாம்பலில் கார்களும் அடங்கின. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அப்பொழுது குடாநாட்டில் உயிரோடு ஓடியவை புதிய ஜப்பானியக் கார்களல்ல; ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஏ40 சோமசெட், மொரிஸ் மைனர் ஆகிய கிழட்டு வண்டிகள். ஓடியது மண்ணெண்ணெயில்.

இதன் விஞ்ஞானம் எளிது. எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்த ஆவி அழுத்தப்பட்டு, பின் தீப்பொறியால் எரிகிறது. அழுத்தம் மிகுந்தால் மண்ணெண்ணெய் தகுந்த வேளைக்கு முன்பே வெடித்து எஞ்சினை இடிக்கும். பழைய எஞ்சின்களில் அழுத்தம் ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தமையால் அவை அதனைத் தாங்கின. ஆனால் குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலில் பொன்போலப் பேணிய பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முன்பு பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே முறையில் இயங்கும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அதையறிந்த கைகள் காரிலும் அதைச் செய்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். பிளக்கை நாள்தோறும் கழற்றித் துடைக்க வேண்டும். பின்னால் ஒரே வெண்புகை. அந்தப் புகைக்குள்ளே மணமக்கள் போனார்கள், நோயாளிகள் போனார்கள், 1995இன் பெரும் இடப்பெயர்வில் மூட்டை முடிச்சுகளும் போயின.

அக்கார்கள் எவ்வருங்காட்சியகத்திலும் வைக்கப்படவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது புதிய வண்டிகள் வந்தன. 2009இல் போர் முடிந்தபின் தெற்கிலிருந்து பழைய கார் தேடுவோரும் வந்தார்கள். அவ்வாறு தெற்கே வந்த காரைப் புதுப்பிப்போர் முதலிற் செய்வது கீறல்களை மூடி, பளபளக்கும் வர்ணம் பூசுவது. சிலர் பழைய எஞ்சினைக் கழற்றி ஜப்பானிய எஞ்சினையும் வைத்துவிடுகிறார்கள். என் கருத்து அவர்களுக்குப் பிடிக்காது. மண்ணெண்ணெய் குடித்து ஓடிய எஞ்சினை எறிந்துவிட்டு வெறும் கூட்டை வைத்துக்கொள்வது, ஏட்டைக் களைந்து சட்டத்தைப் பேணுவது போன்றது. இயங்காவிட்டாலும் அந்த எஞ்சின் காருடனேயே இருக்கட்டும். ஓட்டியவரின் பெயரும், எங்கே எந்த ஆண்டு ஓடிற்று என்பதும் ஒரு தாளில் எழுதப்பட்டு அதனோடு இருக்கட்டும். அப்படி எழுதி வைப்பதற்குப் பெரிய செலவேதும் இல்லை. ஓட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

'சிறிய வண்டி' என்றதும் ஐரோப்பாவின் குமிழிக் கார்களை நினைப்போரும் இருக்கலாம். 1953இல் இத்தாலியில் தோன்றி, 1955 முதல் 1962 வரை ஜெர்மனியில் பீ.எம்.டபிள்யூ. செய்த 'இசெட்டா'வுக்கு முன்புறத்திலேயே ஒரே கதவு. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பது போலத் திறந்து உள்ளே போக வேண்டும். நம் வீதியில் அந்த இடத்தைப் பிடித்தது முச்சக்கர வண்டி. அதுவும் இத்தாலிய வம்சமே. 1948இல் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரிலிருந்து ஆக்கிய மூன்று சக்கர வண்டியை, பின்னர் இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்தது. அதன் வழிவந்தவையே பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் இன்று வரிசை கட்டி நிற்பவை. நாள்தோறும் காண்பதால் அவற்றை எவரும் அரிய வண்டி என்று எண்ணுவதில்லை. 1983இல் பிறந்து 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800க்கும் அதே கதி. ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் முதன்முதலாக வாங்கிய கார் அது. அதைக் கொப்பியில் குறித்து வந்த மாணவர் எங்கள் வகுப்பில் ஒருவர்கூட இல்லை.

2020 மார்ச்சில் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே அத்தடை நீங்கிற்று. இடையே 2022இல் பெற்றோல் வரிசைகள். அவ்வாண்டு எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த ஐந்தாண்டுகளில் நம் கராஜ்களில் 1960களின் வேலைகள் திரும்பின. மாருதியின் அடித்தட்டுக்கு ஒட்டுப் போடும் பாஸ்மாரைப் பேராதனை வீதியிலேயே கண்டேன். மூடிய கொட்டகைகளிலிருந்து சில மொரிஸ் மைனர்களும் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று, சீ.என். எழுத்துத் தகடு தாங்கியது, கம்பளைப் பக்கம் திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து அந்தச் சிறிய கையை நீட்டிற்று. பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஹோனை அழுத்திக்கொண்டே நின்றார்.